கிணற்று இலக்கம்

ஊர்காவற்றுறையில் படகு வெளிக்கிட
இன்னும் ஆள் சேரவேணும் என்றார்கள்.
சீமெந்துப் பைகள், இரண்டு ஆடு,
யாரோ ஒருத்தியின் புதுத் தையல் மெஷின்,
பிறகு நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னும் இதே பலகையில்தான்
மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டு
வாந்தியை விழுங்கியபடி போனேன்.
பூண்டுலோயாவில் தண்ணீர் மேலிருந்து வரும்.
ஊற்றில் ஒரு குழாயைச் சொருகிவிட்டால் போதும்.
குனிந்து பார்க்கிற தண்ணீரை
அனலைதீவில்தான் முதலில் கண்டேன்.

தந்த வேலை சின்னது.
ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி
மீற்றரை முக்கி
வருகிற இலக்கத்தைக்
கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெயின்றால் எழுதுவது.
ஐந்நூறுக்குக் கீழே என்றால் குடிக்கலாம்.
மேலே என்றால்
என்ன செய்வதென்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
நாற்பத்திமூன்று கிணறு. எழுதினேன். போனேன்.
போகும்போது, திரும்பி வருவேன் என்றும் சொன்னேன்,
தொண்டு செய்ய வருகிற எல்லாரும்
படகில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்வதுபோல.

இறங்குதுறையில் ஒரு பொடியனை மறித்து
எமிலியானாள் அக்கா வீடு எந்தப் பக்கம் என்றேன்.
"எந்த எமிலியானாள்?
ஆயிரத்து நூற்றிப்பத்தோ,
எழுநூற்றி அறுபதோ?"

தபால்காரர் அப்படித்தான் கொண்டுவந்து போடுகிறாராம்.
சங்கக்கடைக் கடன் கொப்பியில்
பெயர் இல்லை, இலக்கம்தான்.
எண்ணூற்றி நாற்பதும் அறுநூற்றி ஐந்தும்
எல்லை வேலிக்குச் சண்டை பிடித்து
இப்போது பேச்சு வார்த்தை இல்லை.
போனமுறை எங்கள் அறிக்கையைப் பார்த்து வந்த
வடிகட்டி மெஷின் மட்டும்
பெயரும் இலக்கமும் இல்லாமல்
வாசிகசாலைப் பின்புறம் நிற்கிறது.
அதன் நிழலில் ஒரு நாய்.

உப்பை அளக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஆயிரத்து நூற்றிப்பத்து கதவைத் திறந்தாள்.
"மீற்றர் பிள்ளை! நல்லா மெலிஞ்சு போனாய்."
கொழுத்திருக்கிறேன்; அது வேறு கதை.
தேத்தண்ணி வந்தது.
சீனிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற அந்தச் சவரை
நாக்கு உடனே பிடித்துக்கொண்டது.
முகம் சுளிக்காமல் குடிக்க
இந்தமுறை பழகிக்கொண்டுதான் வந்திருந்தேன்.
அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வடிவாய்க் குடி. படகில வந்த நல்ல தண்ணி.
உனக்கெண்டு ஒரு போத்தல் எடுத்து வைச்சனான்."

கோப்பையில் மிச்சம் இருந்ததை
இன்னொரு முறை குடித்துப் பார்த்தேன்.
தேத்தண்ணிதான்.

பிறகு வாளி, மீற்றர், கொப்பி.
ஆயிரத்து நானூற்றித் தொண்ணூறு.
பெயின்ற் பேணியைத் திறக்கும்போது
கையைப் பிடித்துவிட்டாள்.
"கட்டில எழுதாதை பிள்ளை.
வாற மாசம் யூலியற்றாவுக்குக் கலியாணம்.
அழைப்பிதழில பழைய இலக்கம் அடிச்சுப்போட்டம்,
கொழும்பு ஆக்களுக்கும் அனுப்பியாச்சு.
உன்ரை கொப்பியில எழுதி வைச்சிரு.
இதைக் கொஞ்சம் தடிப்பாய் இழுத்துவிடு,
மழையில அழிஞ்சு போச்சு."

முழங்காலில் இருந்து
ஒன்று, ஒன்று, ஒன்று, சுழி
என்று பழையதன் மேலேயே இழுத்தேன்.
சுழியை வடிவாக வரும்வரை
இரண்டு தரம் திருத்தச் சொன்னாள்.

அலுவலகப் படிவத்தில்
'கிணற்றில் எழுதிய அளவு' என்று ஒரு கட்டமும்
'உண்மையான அளவு' என்று இன்னொரு கட்டமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

வெயில் சாயும்போது அறுநூற்றி ஐந்து.
கயிற்றை என்னிடம் தந்துவிட்டு
வேலிப் பக்கம் பாராமல்
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"அங்காலை அவைக்கும் ஏறிட்டுதோ?"
அதில் இருந்தது சந்தோஷமா கவலையா
எனக்குப் பிடிபடவில்லை.
இன்னும் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.
வாளியை இறக்கினேன்.
போனமுறை முடிச்சு இருந்த இடத்தைத் தாண்டியும்
கயிறு போய்க்கொண்டிருந்தது.